இயந்திரம் சொல்லும் நபிமொழி

கி.பி. 810-இல் புகாரா நகரில் பிறந்த இமாம் புகாரி, நபிமொழிகளைத் தேடி ஊர் ஊராகப் பயணம் செய்தார். ஒரு செய்தி கிடைத்தால் அதன் வாசகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்ததுண்டா? அவர்கள் நாணயமும் நினைவாற்றலும் உடையவர்களா? இவ்வாறு ஒவ்வொருவராக ஆராய்ந்து நபிகள் நாயகம் வரை சென்றார். இந்த அறிவிப்பாளர் தொடருக்கு 'இஸ்னாத்' என்று பெயர். அன்றும் இட்டுக்கட்டப்பட்ட செய்திகள் உலவியதால்தான் இத்தனை கவனம் தேவைப்பட்டது.

இன்று ஜும்ஆ உரைக்குக் குறிப்புத் தேடுபவர் செயற்கை நுண்ணறிவை நாடலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் இது எளிதாகிவிட்டது. அது எவ்வாறு விடை தருகிறது?

"பலத்த மழை பெய்ததால் ஏரி..." என்று ஒருவர் நிறுத்தினால், "நிரம்பியது" என்று நாம் முடித்துவிடுவோம். அந்த ஏரியை நாம் பார்த்ததில்லை. மொழிப் பழக்கமே அப்படிச் சொல்ல வைக்கிறது. கணிப்பொறியும் ஏராளமான நூல்களையும் கட்டுரைகளையும் பயின்று, அடுத்து எந்தச் சொல் வருவதற்கு நிகழ்தகவு மிகுதி என்று கணக்கிட்டே வாக்கியம் அமைக்கிறது.

ஆகவே நீர்ச் சிக்கனம் பற்றி நபிமொழி கேட்டால், பொருத்தமான நடையில், நூற்பெயரும் எண்ணும் சேர்த்து அது ஒன்றைத் தரக்கூடும். ஆனால் நூலைப் புரட்டினால் அந்த எண்ணில் வேறு செய்தி இருக்கலாம். இயந்திரத்துக்குப் பொய் சொல்லும் நோக்கமில்லை. ஆனால் அதன் சொற்களுக்குப் பின்னால் 'நான் இன்னாரிடம் கேட்டேன்' என்று சொல்ல ஆளும் இல்லை.

சமூக ஊடகம் இச்சிக்கலைப் பெருக்குகிறது. ஒரு நிமிடப் படத்துணுக்கை எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர், பகிர்கின்றனர் என்பதைக் கொண்டே அது மேலும் பலருக்குக் காட்டப்படுகிறது. செய்தி மெய்யா என்பது அக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. கை மாறும்போது முதலில் சொன்னவர் பெயரும் மறைந்துவிடுகிறது.

இதற்காக இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. சரிபார்க்கப்பட்ட தொகுப்பினுள் மட்டும் தேடி, மூல வாசகத்தை இடம் சுட்டி எடுத்துக் காட்டுமாறு அதனை அமைக்கலாம். அப்போதும் அந்த இடத்தைத் திறந்து படிக்கும் கடமை மனிதனுடையது. மார்க்கத் தீர்ப்பு என்றால் கேட்பவரின் நிலையை அறிந்து, பொறுப்பேற்றுச் சொல்லும் அறிஞர் வேண்டும்.

சோதனைக்கூடத்தில் ஓர் அளவைக் கண்டால், "எந்தக் கருவியால், யார் அளந்தது?" என்று மாணவர் கேட்கிறார். கைப்பேசியில் வரும் நபிமொழிக்கும் அதே கேள்வி பொருந்தும்.