முதலில் காது, பிறகு கண்

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடம் சாலையைப் பிடித்தால் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும்தான் கண்ணில் படும். ஆனால் இந்த வட்டாரத்துக் காப்புக்காடுகளில் களா, காரை, சூரை என முள் பின்னிய புதர்க்காடு இன்னும் மிச்சமிருக்கிறது. பறவை பார்க்கப் புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் கிடைக்காது.

பக்கத்திலிருக்கும் வேடந்தாங்கல் அப்படியில்லை. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்த அந்த ஏரியில், நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் மரத்தின் மேல் பளிச்சென உட்கார்ந்திருக்கும். கைகாட்டினால் போதும். புதர்க்காட்டிலோ பறவை இலைக்குள் இருக்கும், குரல் மட்டும் வெளியே வரும்.

அதனால்தான் அனுமதி பெற்று விடியலில் அழைத்துப் போகும் நல்ல வழிகாட்டி, கொஞ்ச நேரம் யாரையும் பேசவிட மாட்டார். சீராகச் செம்பு தட்டுவதுபோல் ஒரே சுதியில் கேட்டால் குக்குறுவான். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ‘ஊப் ஊப்’ என்றால் செம்போத்து. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவியையும் பலர் முதலில் காதால்தான் அறிகிறார்கள்; விடியலிலும் அந்தியிலும் கூவிவிட்டு, பகலெல்லாம் அது சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

குரல் வந்த திசை தெரிந்த பிறகே பைனாகுலர். அதன்மேல் 8, 42 என்று இரண்டு எண் இருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். நாற்பது மீட்டரில் இருக்கும் குருவி ஐந்து மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். பத்து மடங்கு வாங்கத்தான் ஆசை வரும். கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. பறவை மேலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்தீர்களோ, பறவை போச்சு.

நிறத்தை நம்பக் கூடாது. ஆண் குயில் கறுப்பு, கரிச்சானும் கறுப்பு. கரிச்சான் மின்கம்பியில் வெட்டவெளியாக உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்து, அதே இடத்துக்குத் திரும்பும். வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். குயில் இலைக்குள் பதுங்கும், கண் சிவப்பு. பழுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த பெண் குயிலை வேறு இனம் என்று நினைக்காத புதியவர் அபூர்வம். அளவு, வால், உட்காரும் இடம், செய்யும் வேலை எல்லாம் பார்த்த பிறகுதான் நிறம்.

புதியவர்களுக்கு அரிய பறவைமேல்தான் மோகம். கொல்லையில் கூட்டமாகக் கத்தித் திரியும், வெண்தலைச் சிலம்பன் எனப்படும் தவிட்டுக்குருவியை யாரும் மதிப்பதில்லை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது! சுடலைக் குயில் இதன் கூட்டிலும் முட்டையிட்டுவிடும். பாவம், இதுதான் வளர்க்கும்.

பழகியதைச் சோதித்துப் பார்க்க ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, இனத்தையும் எண்ணிக்கையையும் ‘ஈபேர்ட்’ செயலியில் ஏற்ற வேண்டும். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் நின்றபடியும் செய்யலாம். காக்கையை எழுத மறக்க வேண்டாம். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல்.