இணையவழி ஸ்லைடுப் பிரசங்கமும் கேட்போர் மறுமொழியும்

விதைத்த குடியானவன் முளைப்பைப் பார்த்த பின்னரே அடுத்த வேலையை நிச்சயிப்பான். பிரசங்கம் செய்வோருக்கும் இவ்விதி பொருந்தும். முற்காலத்தில் சாவடிகளில் மாஜிக் லாந்தர் படங்களைக் காட்டிப் பேசிய உத்தியோகஸ்தர்கள், எதிரே அமர்ந்திருந்தோரின் முகக்குறிப்பைக் கொண்டே சொன்னது விளங்கிற்றா என்று அறிந்தனர். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயினால் கூட்டங்கள் தடைப்படவே, விவசாயப் பயிற்சிகள் பல ஸூம் முதலிய சாதனங்களின் வழியே நடைபெறலாயின. இம்முறையில் படம் கேட்போருக்குத் தெரிகிறது. கேட்போர் முகமோ பேசுவோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இக்குறையை நீக்கும் உபாயம், பிரசங்கத்தின் இடையிலேயே கேள்வி ஒன்றைத் திரையில் காட்டி, விடைகளை அப்போதே எண்ணிக்கையாகப் பெறுவதாகும். இக்கருத்து புதிதன்று. 1956-இல் பம்பாய் ராஜ்யத்தில் புனாவைச் சார்ந்த ஐந்து ஜில்லாக்களில், சுமார் 150 கிராமங்களில் வானொலி விவசாயச் சபைகள் அமைக்கப்பட்டன. கிராமத்தார் கூடிக் கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். விடைகள் பின்னர் ஒலிபரப்பப்பட்டன. அன்று நாட்கணக்கில் ஆனது, இன்று நிமிஷக்கணக்கில் முடிகிறது.

உதாரணமாக, கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் பயிராகும் மரவள்ளியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2020-இல் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க, ஆப்பிரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி, 2022-இல் மலைக்கு மேற்கே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இதைப்பற்றிப் பேசுவோர் முதலில், "நுனிக்கொழுந்து கொத்தாகச் சுருண்டிருக்கிறதா?" என்று வினவுதல் வேண்டும். "இல்லை", "சில செடிகளில்", "பெரும்பாலும்" என மூன்று விடைகள் போதும். முடிவில், "குளவி விட்ட நிலத்தில் உடனே பூச்சிமருந்து தெளிக்கலாமா?" என்று கேட்கவேண்டும். பலர் "தெளிக்கலாம்" என்பராயின், அப்படத்தை மறுபடியும் காட்டி விளக்குவதே கடமை. இல்லையேல் தெளித்த மருந்தால் குளவி மடியும், பூச்சி பெருகும், செலவும் வீணாகும்.

கேள்விகள் மூன்று நான்குக்கு மேற்படலாகாது. விடையளிப்போர் பெயர் திரையில் தோன்றாதிருப்பது நலம். தெரியாது என்று சொல்லக் கூசுவோரும் அப்பொழுது உண்மை கூறுவர்.

மலைக்கிராமங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பத்துப்பேர் ஒரே செல்போனைச் சூழ்ந்து அமர்ந்தால், யந்திரம் அதனை ஒரு விடையாகவே எண்ணும். சமவெளியில் தனித்தனியே கேட்கும் பத்துப்பேருக்கோ பத்து விடைகள் சேரும். இவ்வாறாயின் மலையாளிக் குடிகளின் தேவை கணக்கில் மறைந்துபோம். ஆகவே, அத்தகைய கிராமங்களில் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் யாவரையும் கூட்டி, கிராம உத்தியோகஸ்தர் ஒருவர் உயர்த்திய கைகளை எண்ணி, அத்தொகையைப் பேசுவோருக்குத் தெரிவித்தல் வேண்டும். செல்போன் அலை கிட்டாத நேரத்தில் விடைகளைத் தாளில் குறித்துப் பின்னர் அனுப்பலாம். தனிப்பட்ட ஐயங்களுக்கு, 2004-இல் ஏற்பட்ட 1800-180-1551 என்னும் உழவர் தொலைபேசி நிலையமும் உண்டு.

எண்ணிக்கை பெறுவதோடு காரியம் முடிந்துவிடாது. விடையைக் கண்டு அடுத்த படத்தை மாற்றிக்கொள்ளும் பிரசங்கமே பயன்தரும். குடியானவர்களும் கூசாது விடையளிப்பாராக. அவர்கள் மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளும் நிலைக்கு இடமளித்தலாகாது.