தந்தம் இழந்த யானைகள்



யானையைக் காண்பதற்காகக் கடல் கடக்க வேண்டுமா, முதுமலையிலேயே காணக் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும் மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் வாழும் யானைகள் நமக்கு உரைக்கும் செய்தி வேறு.

ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் தென்கோடியில், ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இப்பூங்கா 1960ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 1,863 மீட்டர் உயர்ந்து நிற்கும் கொரொங்கோசா மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் சமவெளியிலுள்ள ஊரெமா ஏரிக்கு நீர் சேர்க்கின்றன. மஞ்சள் பட்டை பூண்ட வேல மரங்கள், பனைகள், கரையில் கிடக்கும் முதலைகள், கூட்டங்கூட்டமாக மேயும் மான்கள் என்று எழில் கொழிக்கும் பூமி அது.

அப்பூமியைத்தான் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் சூறையாடியது. இறைச்சிக்காகவும் தந்தத்திற்காகவும் இரு தரப்புப் படையினரும் விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினர். பெருவிலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை அழிந்தன. 2,500 யானைகள் உலவிய காட்டில் ஏறத்தாழ 200 மட்டுமே எஞ்சின.

நம் நாட்டில் ஆண் யானைக்கே நீண்ட தந்தம் உண்டு. ஆப்பிரிக்காவிலோ பெண் யானைக்கும் உண்டு. எனினும் தந்தமின்றிப் பிறக்கும் பெண் யானைகள் சில அங்கு எப்போதும் இருந்தன. தந்தம் தேடி வந்தவர்கள் அவற்றை விட்டுவிட்டனர். விளைவு என்ன தெரியுமா? போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த தந்தமற்றவை, போருக்குப் பின் பாதியளவாயின! தாயின் இக்குறை மகளுக்கும் மரபுவழி வருவதை 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. அம்மரபுக்கூற்றைப் பெறும் ஆண் கருவோ பிழைப்பதில்லை என்றும் அது கண்டது.

ஒரு தலைமுறை மனிதர் ஏந்திய துப்பாக்கி, இன்னும் பிறவாத கன்றின் முகத்தையும் மாற்றிவிட்டது. போரைக் கண்ட தாய் யானைகள் வாகனங்களைக் கண்டால் நெடுங்காலம் சீறித் துரத்தின.

அழித்த கைகளே ஆக்கவும் வல்லவை. 2004 முதல் மொசாம்பிக் அரசும் ஓர் அமெரிக்க அறக்கட்டளையும் இணைந்து பூங்காவைச் சீரமைத்து வருகின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களின் கல்விக்கும் மருத்துவத்திற்கும் அப்பணியில் இடமுண்டு. மான்கள் பல்லாயிரமாகப் பெருகின. 2018இல் காட்டு நாய்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன.

வாய்ப்புள்ளோர் மழைக்காலம் தவிர்த்துச் சென்று காணுங்கள். தந்தமற்ற தாயொன்று கன்றை அணைத்து நிற்கக் கண்டால், சற்றே நின்று சிந்தியுங்கள். போர் ஓய்ந்தாலும் அதன் தழும்பு ஓய்வதில்லை என்னும் படிப்பினை அங்கே நிற்கிறது.