கிலுகிலுப்பையும் கண் பரீட்சையும்

கல்பாக்கத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள பெற்றோர், குழந்தைக்கு மாறுகண்ணோ என்று ஐயுற்று, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 1819-இல் தோன்றிய எழும்பூர்க் கண் மருத்துவமனைக்கோ விடியற்காலையில் பஸ் ஏறிச் சென்று, வரிசையில் காத்திருந்து, கடைசியில் டாக்டர் விளக்கைக் கையில் எடுத்த கணத்தில் குழந்தை வீறிட்டழுது கண்ணை இறுக மூடிக்கொள்ளக் கண்டு மனம் சோர்வது சகஜம். இரண்டு வயதுக் குழந்தையிடம் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதற்கில்லை; ஆகவே அதன் சித்தத்தை வேறொன்றில் ஈர்த்து, அது அறியாமலே பரீட்சையை முடிக்கும் உபாயம் அவசியமாகிறது. இதனை அழுகை அடக்கும் தந்திரமென்று மட்டும் கருதுவது பிழை. எதைக் காட்டுகிறோம், எவ்வளவு தூரத்தில் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பரீட்சையின் முடிவே மாறிவிடும்.

ரெட்டினாஸ்கோப் என்னும் கருவியின் ஒளிக்கீற்றைக் கண்ணின் பாப்பாவினுள் செலுத்தி, உள்ளிருந்து திரும்பும் செவ்வொளி கீற்றோடு கூடவே நகர்கிறதா, எதிராக நகர்கிறதா என்று நோக்கி, அவ்வசைவு அடங்கும்வரை வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்தால், குழந்தை வாய் திறவாமலே கண்ணாடியின் பவர் தெரிந்துவிடும். ஆனால் அச்சமயம் குழந்தை கைக்கெட்டிய பொருளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், கண்ணுக்குள் உள்ள தசை சுருங்கி, இயற்கை வில்லை குவிந்து, மெய்யான தூரப்பார்வைக் கோளாறு மறைந்துபோவதோடு, இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும் தோன்றக்கூடும். அழுகையை நிறுத்தும் அவசரத்தில் தாயார் மடியில் நீட்டும் செல்போன் இந்த அனர்த்தத்தைத்தான் விளைவிக்கிறது. கார்ட்டூன் ஓடவேண்டிய இடம் எதிர்ச்சுவர். அத்தசையை மருந்தால் தளர்த்தும் சொட்டுகளும் உண்டு. குழந்தையின் பவரை நிச்சயிக்க அவை பெரும்பாலும் தேவைப்படுகின்றன. எனினும் அவற்றுள் சில எரியுமாதலால், சிநேகம் முறியாதிருக்கும்போதே மற்றப் பரீட்சைகளை முடித்துவிட்டுச் சொட்டை இறுதிக்கு வைப்பதே விவேகம்.

பொம்மையைத் தேர்வதிலும் சூட்சுமம் உண்டு. மாமல்லபுரத்துத் திருவிழாக் கடையில் வாங்கிய கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை திரும்பும். அது பார்த்துத் திரும்பியதா, கேட்டுத் திரும்பியதா என்பது யாருக்குத் தெரியும்? பார்வையை அறியச் சத்தமில்லாத பொருளே வேண்டும். மாறுகண்ணைச் சோதிக்க வெறும் டார்ச் வெளிச்சம் போதாது. நுட்பமான சித்திரம் உள்ள சிறு பொம்மையைக் காட்டினால்தான் கண் முயன்று குவியும், அம்முயற்சியில் மட்டும் வெளிப்படும் கோணலும் தெரியும். ஒரே பொம்மை இரண்டாம் முறை அவ்வளவு வசீகரிப்பதில்லையாதலால், அனுபவசாலிகள் கோட்டுப் பையில் நாலைந்து வைத்திருப்பார்கள். கேக்கின்மேல் தூவும் கடுகளவு மிட்டாயை உள்ளங்கையில் வைத்து, குழந்தை அதைப் பொறுக்கி எடுக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. நான் கேள்வியுற்ற பரீட்சைகளில் இதைவிட இனிப்பானது வேறில்லை.

பேசாத சிசுவின் பார்வையையும் அளக்க வழி பிறந்தது, சிசுக்கள் வெறும் சாம்பல்நிறப் பரப்பைவிடக் கோடிட்ட பரப்பையே விரும்பி நோக்கும் என்ற கண்டுபிடிப்பால்தான். அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950-களில் தொடங்கிய இவ்வாராய்ச்சியை டேவிடா டெல்லர் என்ற அம்மையார் வளர்க்க, அவர் பெயராலேயே வழங்கும் அட்டைகள் உருவாயின. கோடுகள் மெலிய மெலிய, எந்த அட்டையில் குழந்தையின் பார்வை இலக்கின்றி அலைகிறதோ, அதற்கு முந்தைய அட்டையே அதன் பார்வையின் எல்லை.

இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் உண்டு: ஒரு கண்ணில் பார்வை வளராது பின்தங்கும் சோம்பேறிக் கண் என்னும் குறை ஏழெட்டு வயதுக்கு முன் கண்டறியப்பட்டால் கண்ணாடியாலும், நல்ல கண்ணை மூடிவைக்கும் சிகிச்சையாலும் பெரும்பாலும் சீர்ப்படும், பின்னர் கடினம். ஒரு கண்ணைக் கையால் மறைக்கும்போது சும்மாயிருக்கும் குழந்தை மற்றக் கண்ணை மறைக்கும்போது மட்டும் முரண்டினாலோ, போட்டோவில் கருவிழி நடுவே வெண்மை பளிச்சிட்டாலோ, தாமதியாமல் கண் டாக்டரிடம் செல்லுங்கள். குழந்தை உறங்கி, பசியாறியபின் அழைத்துப் போங்கள். அதற்குப் பிரியமான பொம்மையை எடுத்துக்கொண்டு, செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.