கிரிப்டோவில் வேலை இருக்கு... காயின் வாங்காமலே!

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அப்படி ஒருத்தர் நிச்சயம் இருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பச்சை கலரில் மேலே ஏறுகிற கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, ‘மச்சி, ஒரே நாள்ல ரெண்டாயிரம்!’ என்பார். அதே கோடு சிவப்பு கலரில் இறங்குகிற வாரம் மட்டும் ஸ்கிரீன்ஷாட் வராது. கவனிச்சிருக்கீங்களா?

அவரை அவர் பாட்டுக்கு விட்டுடுவோம் பாஸ். நாம பார்க்கப் போறது சம்பளம் வர்ற வேலையை. பிளாக்செயின், வெப் 3, டிசென்ட்ரலைஸ்டு வெப்... பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். ஒரே கம்பெனியின் சர்வரில் பூட்டி வைக்காமல், உலகம் முழுக்க உள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே கணக்கு நோட்டைப் பார்த்துக்கொள்கின்றன. அந்த நோட்டின் மேல் ஓடும் சாஃப்ட்வேரை யாராவது எழுதணும், யாராவது சரிபார்க்கணும், புரியாதவங்களுக்கு யாராவது விளக்கிச் சொல்லணும். இந்த மூணு ‘யாராவது’க்கும் சம்பளம் உண்டு.

எத்தேரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரினையே எடுத்துக்கங்க. 2011-ல் அவருக்கு வயசு 17. பிட்காயின் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால், ஒரு கட்டுரைக்கு 5 பிட்காயின் கூலி. அன்றைய மதிப்பில் அது நாலு டாலர்கூட தேறாது. (இன்றைய விலையில் கணக்குப் போட்டுப் பெருமூச்சு விடுறவங்க விட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்!) அடுத்தவனுக்குப் புரிய வைக்கணும்னு எழுத எழுத, அவருக்கே விஷயம் தெளிவாச்சு. 2013 இறுதியில் எத்தேரியத்துக்கான திட்டத்தை எழுதி வெளியிட்டார். ஆக, இந்த ஏரியாவில் அவருடைய ஆரம்பகால வருமானம் எழுத்திலிருந்துதான் வந்தது.

தோசைக் கவுன்ட்டரும் 36 லட்சம் ஈதரும்!

சரி, கோடிங் பக்கம் வருவோம். எத்தேரியத்தில் புரோகிராம் எழுத ‘சாலிடிட்டி’ என்றொரு மொழி. ஜாவா ஸ்கிரிப்ட் ஓரளவு தெரிஞ்சவங்களுக்கு அதன் முகம் பழகினதாத்தான் தெரியும். சோலானா பக்கம் போனால் ‘ரஸ்ட்’. மொழியைக் கத்துக்க சில மாசம் போதும். நிஜமான சவால் வேற இடத்தில் இருக்கு. சாதாரண ஆப்பில் தப்பு வந்தால் மறுநாள் அப்டேட் விட்டுச் சரிபண்ணிடலாம். பிளாக்செயினில் ஏற்றிய கான்ட்ராக்ட்டை அவ்வளவு சுலபமாகத் திருத்த முடியாது. உள்ளே இருப்பதோ அடுத்தவங்க பணம்.

2016 ஜூன் மாதம் ‘தி டாவ்’ என்ற கூட்டு முதலீட்டு கான்ட்ராக்ட்டில் இருந்து சுமார் 36 லட்சம் ஈதர் உருவப்பட்டது. எப்படின்னு புரிய உங்க ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாங்க. ஒரு கூப்பனுக்கு ஒரு தோசை. மாஸ்டர் முதலில் தட்டில் தோசையைப் போடுகிறார், அப்புறம்தான் கூப்பனைக் கிழிக்கிறார். தோசை விழுந்ததும், அவர் கூப்பனைக் கிழிக்கறதுக்குள்ள நீங்க மறுபடி தட்டை நீட்டினால்? இன்னொரு தோசை. மறுபடி நீட்டினால்? இன்னொண்ணு. கூப்பன் கடைசி வரை முழுசா உங்க கையிலேயே இருக்கு, மாவுதான் காலி! அந்த கான்ட்ராக்ட்டும் அப்படித்தான். கணக்கில் கழிப்பதற்கு முன்னாடியே பணத்தை அனுப்பியது. ரெண்டு வரியோட வரிசை மாறினதுக்கு விலை, அன்றைய மதிப்பில் 5 கோடி டாலருக்கும் மேல்.

இந்த மாதிரி ஓட்டைகளைப் பணம் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்வதுதான் ‘ஆடிட்’. கிரிப்டோவில் எனக்கு ரொம்ப மரியாதை இருக்கும் வேலை இது. பொறுமைசாலிகளுக்கான வேலையும்கூட. பழக இலவசமாகவே இடம் இருக்கு. ‘எத்தர்நாட்’ என்ற விளையாட்டில் ஒவ்வொரு லெவலும் ஓட்டை உள்ள ஒரு கான்ட்ராக்ட். அதை உடைச்சால் அடுத்த லெவல். மேலே சொன்ன தோசைக் கதைக்கும் அதில் ஒரு லெவல் உண்டு. டெஸ்ட் நெட்வொர்க்கில் நடப்பதால் நிஜப் பணம் ஒரு பைசா வேண்டாம்.

கை பழகினதும் ‘பக் பவுன்ட்டி’. எங்க கோடில் தப்பு கண்டுபிடிச்சா இவ்வளவு பரிசு என்று கம்பெனிகளே அறிவிக்கும். ‘இம்யூனிஃபை’ தளத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். 2022-ல் ‘வோர்ம்ஹோல்’ ஒரே ஒரு தப்பைச் சொன்னவருக்கு 1 கோடி டாலர் கொடுத்தது. உடனே கனவில் மிதக்காதீங்க. மாசக்கணக்கில் தேடி ஒண்ணும் சிக்காம போறதும் இங்கே சகஜம். இன்னொரு எச்சரிக்கை: சோதனையை உங்க கம்ப்யூட்டரில் உள்ள நகலில்தான் செய்யணும். நிஜ கான்ட்ராக்ட்டில் கை வெச்சா பரிசுக்குப் பதில் போலீஸ்தான் வரும்.

பி.காம் படிக்கிறவங்க முறைக்கிறது தெரியுது. 2023 மார்ச்சில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளை மத்திய அரசு பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருதுன்னு கண்காணிக்க ஆள் வேணுமே! இங்கிலீஷ் லிட்டரேச்சர் என்றால் டெக்னிக்கல் ரைட்டிங். பேசிப் பழகும் திறமை இருந்தால் கம்யூனிட்டி மேனேஜர். இதில் கோபமா வர்ற ஆயிரம் பேருக்கு டிஸ்கார்டில் பதில் சொல்லணும், தூக்கம் போகும், சொல்லிட்டேன்.

டிகிரி? பல இடங்களில் ரெண்டாம்பட்சம்தான். கோட் எல்லாம் பெரும்பாலும் திறந்தே கிடக்கு. உங்களுக்குப் பிடிச்ச ஒரு புராஜெக்ட்டின் கிட்ஹப் பக்கம் போய் ஒரு சின்னத் தப்பைத் திருத்தி அனுப்புங்க. அது ஏற்கப்பட்டால் உங்க பெயரோடு அங்கேயே நிற்கும். ரெஸ்யூமில் நாலு வரி பில்டப் கொடுப்பதைவிட அதுக்கு மதிப்பு அதிகம். மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்புகளில் பிழை திருத்தம்கூட கணக்கில் சேரும்.

வேலை நிரந்தரமா என்று வீட்டில் கேட்பாங்க. மழுப்பாம சொல்லணும்னா, மார்க்கெட் விழுந்தால் வேலையும் விழும். இந்தியர்கள் சேர்ந்து தொடங்கி உலக அளவில் வளர்ந்த ‘பாலிகான்’ 2023 பிப்ரவரியில் 20 சதவிகித ஊழியர்களை, சுமார் 100 பேரை, அனுப்பியது. அதனால் பிளாக்செயின் மட்டுமே தெரிஞ்ச ஆளா இருந்துடாதீங்க. டேட்டாபேஸ், நெட்வொர்க், செக்யூரிட்டி என்று வெளியிலும் விலைபோகிற சரக்கு ஒண்ணு கையில் இருக்கட்டும்.

வலை விரிக்கிறாங்க... உஷார்!

பிலிப்பைன்ஸில் 2021-ல் ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற கேம் விளையாடியே பலர் குடும்பம் நடத்தினாங்க. லாக்டவுன் நேரம், வேற வேலை இல்லை. விளையாடினால் ஒரு டோக்கன் கிடைக்கும். அந்த வருஷ நடுவில் அதன் விலை 30 சென்ட்டைத் தாண்டியது. 2022 நடுவில் அரை சென்ட்கூட இல்லை. காரணம் சிம்பிள். அப்போ விளையாட்டுக்குள் நுழைய ஆக்ஸிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. புதுசா வர்றவங்க கொட்டிய பணம்தான் பழைய ஆட்களின் வருமானம். வரவு நின்னதும் வருமானமும் நின்னது. ‘உழைச்சு சம்பாதிக்க முதலில் நீ பணம் கட்டு’ என்று யார் சொன்னாலும் இந்தக் கதையை ஞாபகப்படுத்திக்கங்க.

அதே கேமின் ‘ரோனின்’ நெட்வொர்க்கில் 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கும் மேல் திருட்டுப்போனது. உள்ளே நுழைய வழி எது தெரியுமா? இன்ஜினீயர் ஒருவருக்கு வந்த போலி வேலை ஆஃபர் என்று பிறகு செய்தி வெளியானது. வட கொரிய ஹேக்கர்கள் என்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ‘இன்டர்வியூ டெஸ்ட், இந்த கோடை ஓட்டிப் பாருங்க’ என்று அனுப்பி வாலட்டைக் காலி செய்வது இப்போது பரவலான தந்திரம். முன்பின் தெரியாத கோடை உங்க சொந்த லேப்டாப்பில் ஓட்டாதீங்க. வாலட்டின் 12 ரகசிய வார்த்தைகளை எந்த ஹெச்.ஆரும் கேட்க மாட்டார்.

இதைவிட மோசம், ஆளையே தூக்கிட்டுப் போறது. ‘தாய்லாந்தில் ஐ.டி வேலை’ என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மரில் அடைக்கப்பட்டு, ஆன்லைன் கிரிப்டோ மோசடி செய்ய மிரட்டப்பட்டாங்க. 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கியவர்களில் 13 பேர் தமிழர்கள். உள்ளூரிலேயே இருக்கும் இன்னொரு வலை: ‘உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொடு, கமிஷன் தர்றேன்.’ திருட்டுப் பணம் உங்க பெயரில் போய்வரும், கேஸும் உங்க பெயரில்தான் வரும். மாட்டிக்கிட்டா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

எல்லாம் சரியா அமைஞ்சு வேலையும் கிடைச்சிடுச்சு, ஆனா சம்பளத்தை டோக்கனாகத் தர்றோம்ங்கறாங்க. இங்கே ஒரு கணக்கு. 50,000 ரூபாய் மதிப்புள்ள டோக்கன் இன்னிக்கு கைக்கு வருது. வருமானக் கணக்கில் 50,000 ஏறிடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு நீங்க விற்கும்போது அது 20,000. போன 30,000-ஐ வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. 2022 ஏப்ரலில் வந்த விதி அப்படி. லாபத்துக்கு விற்றால் மட்டும், லாபத்தில் 30 சதவிகிதம் வரி. ஆக, ஆஃபர் லெட்டர் வந்ததும் மூணு கேள்வி கேளுங்க. ரூபாயில் எவ்வளவு, டோக்கனில் எவ்வளவு, அந்த டோக்கனை எந்தத் தேதியில் இருந்து விற்கலாம்? பதிலை மெயிலில் வாங்கி வெச்சுக்கங்க, டெலிகிராமில் வேண்டாம். அங்கே அனுப்பினவரே மெசேஜை அழிச்சிட்டுப் போயிடலாம்.