எல்லைக்கு இந்தப் பக்கத்து இருளர்கள்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினால் வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு, திருவாண்டார்கோயில், திருபுவனை ஆகியவை புதுச்சேரி. கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் வில்லியனூர், மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் விட்டுப்போன இந்த எல்லையால் மிக அதிகமாக இழந்தவர்கள் இருளர்கள் என்றே சொல்வேன்.

ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் குடிசை போட்டுக்கொண்டு, எலியும் பாம்பும் பிடித்து, செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போய்ப் பிழைக்கிற மக்கள் இவர்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடும்போது யார் எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. அரசு பார்த்தது. தமிழ்நாட்டில் இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். அதிலும் மிக நலிந்தவை என்று மத்திய அரசு பிரித்துவைத்திருக்கும் ஆறு சமூகங்களில் ஒன்று. புதுச்சேரியிலோ 2016 வரை பட்டியலே இல்லை. நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் பழங்குடிப் பட்டியல் வந்த 1950இல் இது பிரெஞ்சு மண். இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது 1962இல். 1964இல் பட்டியல் சாதிகளுக்குக் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. பழங்குடிகளை அப்போது யாரும் நினைக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட புதுச்சேரியின் பட்டியல் பழங்குடி எண்ணிக்கை பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யத்தின் விலை கல்வி உதவித்தொகையோடு முடிந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காப்பது பட்டியலில் உள்ளவர்களை மட்டுமே. ஆகவே வளவனூர்ப் பக்கத்து இருளருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அவருடைய மதகடிப்பட்டுச் சம்பந்திக்கு அதுவரை சொந்த ஊரில் கிடைக்கவில்லை. ஆனால் போலீசுக்கு எந்த எல்லையும் தடையாக இருக்கவில்லை. 1993இல் விழுப்புரம் மாவட்டம் அத்தியூரில் இருளர் பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், திருட்டு வழக்கு விசாரணை என்று வந்த புதுச்சேரி போலீசார். ஆறு பேருக்கு விழுப்புரம் நீதிமன்றம் 2006இல் ஆயுள் தண்டனை விதித்தது. பிறகு உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காக நடந்த போராட்டத்தின் வழியே வளர்ந்ததுதான், திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். திருட்டு நடந்தால் முதலில் இருளர் குடிசைக்குப் போகும் பழக்கத்தை, வழக்கு மேல் வழக்காக எதிர்த்து நின்றது அது.

2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்து, இருளரைப் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடியாகக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். பட்டியல் சாதிகளுக்கு ஆணை வந்து 52 ஆண்டுகள் கழித்து! காட்டுநாயக்கன், மலைக்குறவன், எருகுலா, குருமன் ஆகிய சமூகங்கள் இன்னும் வெளியே நிற்கின்றன. இதே காட்டுநாயக்கன் தமிழ்நாட்டில் பழங்குடி. முதல் பட்டியலைத்தான் குடியரசுத் தலைவர் வெளியிடலாம். அதில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால்கூட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 342ஆவது பிரிவு. அந்த வழி எவ்வளவு நீளம் என்பது நரிக்குறவர்களுக்குத் தெரியும். 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தும் அவர்களுக்கான சட்டம் நிறைவேறியது 2022இல். முதல் ஆணையிலேயே எல்லாரையும் சேர்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாதது பெரிய அநீதி.

பட்டியலில் வந்த இருளருக்கும் அரசில் அமர ஓர் இடம் இல்லை. 30 தொகுதிகள் கொண்ட சட்டமன்றத்தில் பழங்குடிக்கு ஒதுக்கீடு கிடையாது. எட்டக்கூடிய ஒரே படி உள்ளாட்சி. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அப்போது இருளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் வந்த பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. மனைப்பட்டா, சாதிச் சான்று, குடிசைக்கு மின் இணைப்பு, எதுவானாலும் இன்றும் அவர்கள் கையில் மனுவோடுதான் போக வேண்டியிருக்கிறது. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு உடனே தேர்தல் வைக்க வேண்டும். இருளர் வாழும் ஊர்களில் அவர்களுக்கென்று வார்டு ஒதுக்க வேண்டும்.