உங்களுக்குத் தெரியுமா? நடு எது, சுற்று எது?

▪ மண்டலம் என்றதும் பலருக்கு வண்ண வண்ணமாய் வரைந்த வட்டப் படம்தான் நினைவுக்கு வரும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அது அரசியல் கணக்கு. வெல்ல நினைக்கும் அரசன் நடுவில் இருப்பான். அவனை ஒட்டிய நாட்டான் பகை, அதற்கும் அப்பால் உள்ளவன் நட்பு. இப்படியே 12 அரசர்கள். ஒவ்வொருவருக்கும் அமைச்சர், நாடு, கோட்டை, கருவூலம், படை என ஐந்து உறுப்புகள். அரசர்களும் உறுப்புகளும் சேர்ந்து 72.

▪ மண்டலம் என்ற இந்தக் கருத்தை வைத்துத் தென்கிழக்காசிய அரசுகளை விளக்கியவர் ஓர் இலங்கைத் தமிழர்! மானிடவியல் பேராசிரியர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா (1929–2014). அந்த அரசுகளை அடையாளம் காட்டியது எல்லைக்கோடு அல்ல, நடு என்றார். தலைநகரைப் போலவே அமைந்த குட்டித் தலைநகரங்கள் அதைச் சுற்றி நிற்கும். நடு தளர்ந்தால் அவை வேறொரு நடுவைத் தேடிப் போய்விடும்.

▪ ஊவாவே இதற்குச் சாட்சி. கண்டி அரசில் ஊவா வெளிச்சுற்று. அதற்கெனத் தனி ஆளுநர் (திசாவை), தனிக் கொடி. 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இரண்டே ஆண்டில், கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கதிர்காமத்தில் தோன்ற, மக்கள் அவர் பக்கம் திரண்டார்கள். அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொலவும் கடைசியில் அவர்களோடுதான் சேர்ந்தார்.

▪ இனி அதே ஊவாவில் உள்ள லுணுகலைக்கு வருவோம். பசறையிலிருந்து பிபிலைக்குப் போகும் வழியில் ஹொப்டன், அடாவத்தை என்று தோட்டங்கள். தோட்டத்தின் நடு எது? பெரிய துரை பங்களா, ஆபீஸ், ஸ்டோர். சுற்றிலும் டிவிசன்கள். டிவிசனுக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயும் ஒரு நடு உண்டு: கணக்கப்பிள்ளை, பெரட்டுக் களம், கொழுந்து மடுவம், மாரியம்மன் கோயில். அதையும் சுற்றி லயங்கள்.

கொழுந்து உள்நோக்கிப் போகிறது. கட்டளையும் சம்பளமும் வெளிநோக்கி வருகின்றன. மடுவத்துத் தராசில் குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அந்த அளவை வைத்தவர் தராசடியில் நிற்பதில்லை. கூடையை இறக்கி வைத்த அம்மா கணக்கப்பிள்ளையிடம்தான் முறையிடுவார். அவர் கையிலோ ஒன்றும் இல்லை. முடிவு எந்தச் சுற்றில் எடுக்கப்படுகிறது என்று தெரியாமல் போடும் சண்டை பாதி வீண்.

▪ ஸ்டோரை மூடினால் கொழுந்து லொறி ஏறி அடுத்த தோட்டத்து ஸ்டோருக்குப் போகும். மலை இருந்த இடத்திலேயே இருக்கும், நடு மாறிவிடும். 1992இல் 22 கம்பனிகளிடம் தோட்டங்களின் நிர்வாகம் கைமாறியபோதும் நடு மாறியது.

▪ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்து லயங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. வாக்குப் போட்டவர்களுக்குப் பாதை போட முடியாமல் இருந்தது! நாட்டுக்குள் இருந்தும் நாட்டின் சுற்றுக்கு வெளியே நின்றது தோட்டம். அது பெரிய அநியாயம். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

▪ ஒரு தாளை எடுத்து உங்கள் டிவிசனை வரையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாதை யார் பொறுப்பு, பிள்ளைமடுவம் யார் கையில் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் நடுவைக் குறியுங்கள். சபைக்குரியது எதுவோ, அதை எழுதிக்கொண்டு லுணுகலைப் பிரதேச சபைக்குப் போய்க் கேளுங்கள்.